கிடர்பூரிலிருந்து பெல்காச்சியா வரை



கிடர்பூரில் வாழும் தமிழர்களாகிய எங்களுள் பலருடைய முன்னோர் கப்பல்துறையை நம்பி இவ்வூருக்கு வந்தவர்கள். 1890-களின் தொடக்கத்தில் ஹூக்ளி நதியோரம் கிடர்பூர்த் துறை வெட்டித் திறக்கப்பட்டது. அதனை அடுத்த கார்டன் ரீச்சில் அன்றைய வங்காள நாகபுரி இரயில்வேயின் தலைமை அலுவலகம் அமைந்தது. இவ்விரண்டும் தென்னாட்டார்க்கு இங்கே சோறிட்டன. பாட்டனார் சுமை தூக்கினார், தந்தையார் எழுத்தரானார், பிள்ளை பொறியாளனாக வேண்டும், இல்லையேல் டாக்டராக வேண்டும் என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டம். டாக்டர் என்றால் மனிதருக்கு வைத்தியம் செய்பவர் என்ற ஒரே பொருள்தான் எங்கள் அகராதியில் இருந்துவந்தது.

இந்த அகராதியைத் திருத்த முற்பட்டவள் எங்கள் அண்டை வீட்டுச் சிறுமி. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பை முடித்த கையோடு தந்தையிடம், “அப்பா, நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்” என்றாள். தந்தையார் திகைத்தார். “ஊரில் மாடு மேய்த்தது போதும் என்றுதானே அம்மா உன் தாத்தா இங்கே வந்தார்!” என்றார். சிறுமி சிரித்தாளேயன்றிப் பிடித்த பிடியை விடவில்லை. தந்தையார் எங்களிடம் யோசனை கேட்க வந்தார். எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று முதல் நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம். பம்பாயிலும் நாகபுரியிலும் ஜாம்ஷெட்பூரிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்க்கும் இது பயன்படக்கூடும்.

அந்தப் பெண்ணுக்கு இவ்வாசை பிறந்த கதை ஒன்று உண்டு. எங்கள் குடியிருப்பில் ஒரு திருமணம் நடந்தது. பந்தியில் மிஞ்சிய சோற்றை, வீணாகலாகாதே என்னும் நல்லெண்ணத்தால், முற்றத்தில் கட்டியிருந்த வெள்ளாட்டுக்கு ஒருவர் அண்டாவோடு வைத்துவிட்டார். ஆடு வயிறார உண்டது. மறுநாள் தலையைத் தொங்கவிட்டு நின்றது, அசை போடவில்லை, வயிறு ததும்பியது, இரண்டாம் நாள் இறந்துபோயிற்று. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் ஒரு பாட்டியார். “நாம் உண்டால் உயிர் தருகிற சோறு ஆட்டைக் கொல்வானேன்?” என்று சிறுமி கேட்டாள். பள்ளி ஆசிரியர் ஒருவர் விளக்கியதை அவள் எங்களுக்கும் வந்து சொன்னாள்.

ஆடும் மாடும் தாமே புல்லைச் செரிப்பதில்லை. அவற்றின் இரைப்பை நான்கு அறைகளாக இருக்கிறது. அவற்றுள் முதலாவதாகிய பெரிய அறை ஒரு நொதிக்கும் சால். வளர்ந்த பசுவின் வயிற்றில் அது நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து புல்லின் நாரைக் கரைத்துத் தருகின்றன. பசு அவற்றின் உழைப்பில் வாழ்கிறது. அந்தச் சாலில் திடீரென்று சோறோ தானியமோ மிகுதியாக விழுந்தால் மாவை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் மடிகின்றன. இரத்தத்தில் உள்ள நீரும் இரைப்பைக்குள் இழுக்கப்படுகிறது. வயிறு நீரால் ததும்பியிருக்கவே, உடல் வறண்டு ஆடு மாண்டுபோகிறது. ஆக, அந்த ஆட்டைக் கொன்றது எவர் கண்ணுமன்று; எங்கள் கொடைதான். அந்த முற்றத்தில் நின்றிருந்த எங்களுக்கு இதைக் கேட்டபோது வெட்கமாயிருந்தது.

இனி, படிப்பைப் பற்றி. இங்கே ஒரு பெருங்குழப்பத்தை முதலில் நீக்கவேண்டும். எங்கள் தெருவில் முன்னரே ஓர் இளைஞர் இந்த வழியில் இறங்கி ஏமாந்தார். அமெரிக்காவில் இருந்த அவருடைய அத்தை மகன், “முதலில் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு விலங்கறிவியல் படி, அதன் பிறகு நான்காண்டு கால்நடை மருத்துவக் கல்லூரி” என்று கடிதம் எழுதினார். அவர் எழுதியதில் பொய்யில்லை. அந்நாட்டில் கால்நடை மருத்துவம் பெரும்பாலும் ஒரு பட்டத்திற்குப் பின் தொடங்கும் படிப்பு. உயிரியல், வேதியியல், பௌதிகம், தீவனம், இனப்பெருக்கம் முதலியவற்றை அங்கே முற்படிப்பாகக் கற்று, பண்ணையிலும் மருத்துவரிடமும் வேலை பார்த்த அனுபவத்தையும் காட்டியே கல்லூரி வாயிலை அடைகிறார்கள். நம் நாட்டில் அந்த முறை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைப் படித்துத் தேறியவர் நேரே கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பில் சேர்கிறார். அந்தப் பட்டத்தின் பெயரிலேயே மருத்துவமும் கால்நடை வளர்ப்பும் இணைந்திருக்கின்றன. அயல்நாட்டார் முன்னதாகப் படிக்கும் விலங்கறிவியலை நம்மவர் உள்ளேயே படிக்கிறார்கள். நாலரை ஆண்டுப் பாடமும் ஓராண்டு நேர்முகப் பயிற்சியுமாக மொத்தம் ஐந்தரை ஆண்டு.

அந்த இளைஞரோ கடிதத்தை நம்பி மூன்றாண்டு விலங்கியல் பட்டம் பெற்றார். பிறகுதான் அந்தப் பட்டத்தால் கால்நடைக் கல்லூரியில் ஓராண்டுகூடக் குறையாது, முதலாண்டில் புதியவராகவே சேரவேண்டும் என்று தெரிந்தது. வீட்டு நிலைமை அதற்கு இடங்கொடுக்கவில்லை. விலங்கியல் வீணான படிப்பன்று. கிடர்பூருக்கு அருகே புதிய அலிப்பூரில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைமையகம் இருக்கிறது. 1916-இல் தொடங்கிய அந்நிறுவனத்தில் ஈயிலிருந்து யானை வரை நாட்டின் உயிரினங்களையெல்லாம் பெயரிட்டு வகைப்படுத்தும் வேலை நடைபெறுகிறது. அந்த வேலையை நாடுவோர்க்கு விலங்கியலே வழி. நோயுற்ற பசுவுக்கு மருந்து தர நாடுவோர்க்கு அது வழியாகாது. 1984-இல் இயற்றப்பட்ட இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, உரிய பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம். நண்பர் இன்று நல்ல ஆசிரியராக இருக்கிறார். அவர் வகுப்பில் தவளையைப் பற்றிச் சொல்வதைக் கேட்கப் பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள். ஆயினும் அவர் விரும்பியது அதுவன்று.

வெளிமாநிலத் தமிழர்க்கு மட்டும் உரிய இடையூறு மற்றொன்று. கல்லூரி இடங்களுள் பெரும்பகுதியை ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களுக்கென்று வைத்துக்கொள்கிறது. அரசுக் கல்லூரிகளில் நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடாக மன்றத்தின் வழியே, நீட் தேர்வின் மதிப்பெண் கொண்டு நிரப்பப்படுகின்றன. எஞ்சிய இடங்களுக்கு நாம் எந்த மாநிலத்தார்? பெங்காலிப் பள்ளியில் படித்த பிள்ளை சென்னையில் அயலான். தமிழ் பேசும் பிள்ளை இங்கும் சிலர் கண்ணுக்கு அயலான். சட்டமோ கண்ணைப் பார்ப்பதில்லை, காகிதத்தைப் பார்க்கிறது. மேற்கு வங்கத்தில் இடம் கேட்போர் பல்லாண்டு இங்கே குடியிருந்தமையைக் காட்டவேண்டும். தமிழ்நாட்டில் மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே மாநில இடங்களுக்குச் சேர்க்கிறார்கள். ஆனால் வெளிமாநிலத்தில் படித்த பிள்ளை பெற்றோரின் பூர்விகத்தைச் சான்றிதழால் மெய்ப்பிக்கவேண்டும். விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டைப் பாராமல் எவர் சொல்லையும், எங்கள் சொல்லையுங்கூட, நம்பி இருந்துவிடாதீர்கள். சான்றிதழ் வேலையைப் பதினோராம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நலம். மதிப்பெண் இருந்தும் காகிதம் வராமையால் இடம் கைநழுவுவதைப்போல் வருத்தந் தருவது வேறில்லை.

கல்லூரிகளைப் பற்றியும் சிறிது சொல்வோம். கொல்கத்தாவின் வடபகுதியில் உள்ள பெல்காச்சியாவில் 1893-ஆம் ஆண்டில் வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. 1995-இல் சட்டம் இயற்றப்பட்டு அது இன்று மேற்கு வங்க விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. கிடர்பூரிலிருந்து பஸ்ஸில் எஸ்பிளனேடு சென்று, அங்கிருந்து மெட்ரோ இரயிலில் ஏறினால் பெல்காச்சியா நிலையத்தில் இறங்கலாம். நம் பக்கத்தில், சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1930-களின் நடுவிலேயே பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் நிலையை அடைந்து நாட்டுக்கு முன்னோடியாயிற்று. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இத்துறைக்கென்றே இந்தியாவில் எழுந்த முதற்பல்கலைக்கழகம் அதுவே. நாமக்கல் முதலிய இடங்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கோழியும் முட்டையும் குவியும் நாமக்கல்லில் கல்லூரி இருப்பது பொருத்தந்தானே!

உள்ளே சென்றவர் படிப்பது என்ன? மனித வைத்தியர் ஓர் உடலைப் படிக்கிறார். இவர் பல உடல்களைப் படிக்கிறார். குதிரைக்குக் காலுக்கு ஒரு விரல், மாட்டுக்கு நிலத்தில் ஊன்றுபவை இரண்டு, நாய்க்கு நான்கு. குதிரைக்குப் பித்தப்பை இல்லை. பசுவுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. வெப்பமானியை வைத்தால் நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் 101½ பாகை பசுவுக்கு நலம். கோழிக்கோ 106 பாகையும் நலமே. எருமை பத்துத் திங்களும், ஆடு ஐந்து திங்களும், யானை ஏறத்தாழ இருபத்திரண்டு திங்களும் கருவைச் சுமக்கின்றன. இத்தனையும் மனப்பாடத்திற்காக அன்று. நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையாகிய பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு என்பதை அறியாதவர் அன்பினாலேயே பூனையைக் கொன்றுவிடுவார்.

இன்னும் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. வலி தீர மாடுகளுக்கு டைக்குளோஃபினாக் என்னும் மருந்தைத் தந்துவந்தார்கள். மாட்டுக்கு அது நன்மையே செய்தது. ஆனால் மருந்து உடலில் இருக்கையில் இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் பழுதுற்றது. அம்மருந்தே காரணம் என்று ஆராய்ச்சியாளர் 2004-இல் கண்டு வெளியிட்டார்கள். அதற்குள், 1990-களில் தொடங்கிய வீழ்ச்சியில், நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகளின் முதன்மையான மூன்று இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துவிட்டன. 2006-இல் அரசு அம்மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துவதைத் தடுத்தது. ஒரு பசுவுக்கு எழுதும் மருந்துச் சீட்டு வானத்துப் பறவை வரை எட்டும் என்பதை எங்கள் தலைமுறை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இத்தொழில் பிறந்ததே ஒரு கொள்ளைநோயால்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாடுகளை வெக்கை நோய் வாரிக்கொண்டுபோயிற்று. அதனால் பிரான்சின் லியோன் நகரில் 1762-இல் உலகின் முதற் கால்நடைப் பள்ளி பாடம் தொடங்கியது. நம் நாட்டிலும் அந்நோய் புகுந்த கிராமத்தில் ஏர் நின்றது, பால் நின்றது, மண வீடுகளில் பேச்சு நின்றது. 1954 முதல் நாடெங்கும் தடுப்பூசி இயக்கம் நடந்தது. எங்கள் பாட்டனார்கள் ஊரில் பெயரைச் சொல்லவே அஞ்சிய அந்த வெக்கை நோய் உலகத்தைவிட்டே ஒழிந்ததென்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பின் பூமியிலிருந்து ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அது. கோமாரியும் ஆட்டுக் கொல்லியும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. நாய்க்கடியால் வரும் வெறிநோயும் மிஞ்சியிருக்கிறது. ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய செய்தி இரண்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சுந்தரவனத்துச் சதுப்பில் காரோல் என்றொரு சிற்றாட்டு இனம் உண்டு. முழங்கால் நீரில் நின்று புல் மேயும். ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டி ஈனும். 1792, 1793-ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து வங்கச் செம்மறிகள் கப்பலேறி ஆஸ்திரேலியா சென்றன. அங்கே கம்பளிக்குப் பெயர் பெற்ற மெரினோ ஆடு பெரும்பாலும் ஒற்றைக் குட்டி போடுவது. ஆனால் நியூ சவுத் வேல்ஸில் பூரூலா என்னும் பண்ணையின் மெரினோக்கள் மட்டும் இரட்டையும் மூன்றுமாக ஈன்று உலகை வியக்க வைத்தன. 2001-இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதே மாற்றம் சுந்தரவனத்துக் காரோலிடமும் இருந்தது! இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் நதியிலிருந்து சென்ற ஆடுகளின் வழியே அது அங்கு சென்றிருக்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. கப்பலேறிப் பிழைக்கப் போனவர் நாம் மட்டும் அல்லர் என்று இதைக் கேட்ட துறைமுகத் தொழிலாளர் ஒருவர் சொன்னார்.

மற்றது, அலிப்பூர் விலங்குக்காட்சிசாலை. 1876-இல் திறக்கப்பட்ட அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் ராம்பிரம்ம சன்யால். மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். கண் பார்வை இடர் தரவே படிப்பை விட்டார். விலங்குகளின் வைத்தியத்தை அவருக்குக் கற்றுத்தரக் கல்லூரி ஏது? பெல்காச்சியாக் கல்லூரியே அப்போது தோன்றவில்லை. அவர் ஒவ்வொரு விலங்கும் உண்டதையும் உறங்கியதையும் நோயுற்றதையும் குறிப்பெடுத்தார். 1889-இல் அங்கே சுமத்ராக் காண்டாமிருகம் ஒன்று குட்டி ஈன்றது. மனிதர் காவலில் அவ்வினம் ஈன்றமை அக்காலத்தில் பெரும் வியப்பாயிற்று. 1892-இல் தம் குறிப்புகளையெல்லாம் கீழ்வங்கத்தில் விலங்குகளைப் பேணும் முறை பற்றிய ஆங்கிலக் கைந்நூலாக வெளியிட்டார். அயல்நாட்டு விலங்கறிஞரும் அதைப் பாராட்டினர். கல்லூரிக்கு முன் செய்யத்தக்க ஆயத்தம் யாது என்று எங்களைக் கேட்டால், இம்மனிதர் செய்ததையே சொல்வோம்: ஒரு குறிப்பேடு வாங்கி, ஒரே விலங்கைப் பல நாள் பார்த்து எழுதுவது. பணச்செலவு சிறிது. முற்றத்து ஆடானாலும் போதும்.

பெண் பிள்ளைக்கு இது ஆகுமா என்று தந்தையார் கேட்டார். மாட்டுக்குள் தோள்வரை கைவிட்டுக் கன்றைத் திருப்பவேண்டும், சாணத்தில் மண்டியிடவேண்டும், நள்ளிரவில் கூப்பிட்டால் போகவேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னதெல்லாம் மெய்தான். ஆயினும் வேப்பேரியில் 1950-களின் முற்பகுதியிலேயே சக்குபாய் இராமச்சந்திரன் பட்டம் பெற்றிருக்கிறார். கேரளத்தில் சோசம்மா ஐப் என்னும் பேராசிரியை, மறைந்தே போயிற்று என்று நினைத்த வெச்சூர்க் குட்டைப் பசுவை, 1989 முதல் தம் மாணவர்களோடு கிராமங்களில் தேடிக் கண்டுபிடித்துக் காத்தார். டாப்ஸ்லிப் காட்டில் யானைகளோடு வாழ்ந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை, ஜெயமோகன் எழுதிய ‘யானை டாக்டர்’ கதையின் வழியே நேயர்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். தந்தையார் அக்கதையை ஓர் இரவில் படித்து முடித்தார். மறுநாள் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரவுமில்லை.

வருவாயைப் பற்றிக் கேட்போர்க்கும் விடை தருகிறோம். அரசாங்கக் கால்நடை மருத்துவமனைகள், பால் கூட்டுறவுச் சங்கங்கள், கோழிப்பண்ணைகள், தடுப்பூசி செய்யும் ஆலைகள், இறைச்சியைச் சோதிக்கும் நகராட்சிகள், வங்கிகள், இராணுவத்தின் குதிரைப் படைப்பிரிவு, இவற்றோடு நகரங்களில் பெருகிவரும் நாய் பூனை மருத்துவமனைகள் ஆகியவை இப்பட்டத்தாரை நாடுகின்றன. மனித டாக்டரின் வருவாயும் மதிப்பும் எல்லோர்க்கும் கிட்டும் என்று நாங்கள் உறுதி சொல்லமாட்டோம். கிராமத்தில் பணி ஏற்கும் மனமில்லாதவர் இதில் இறங்கி வருந்துவதையும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

அந்தச் சிறுமி இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் குறிப்பேட்டோடு காட்சிசாலைக்குப் போகிறாள். துணைக்குச் செல்லும் தந்தையார், வாயிலில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்த நிலை மாறி, இப்பொழுது தாமும் உள்ளே போய் நிற்கிறார். நீர்யானை எத்தனை நிமிடம் மூழ்கியிருந்தது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை அவருடையது. இங்குள்ள இடத்துக்கும் தமிழ்நாட்டு இடத்துக்கும் விண்ணப்பம் போடுவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. பூர்விகச் சான்றிதழுக்காகப் பாட்டனாரின் ஊருக்கு எழுதியிருக்கிறார்கள். பழைய வீட்டு வரி இரசீது ஒன்றைச் சித்தப்பா தேடி எடுத்து அனுப்பிவிட்டார். தாசில்தார் அலுவலகத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை.